நூற்றைம்பது பொட்டலம் ஹவுஸ்ஃபுல்

வீட்டில் ஒரே ஒரு வாதத்திலாவது ஜெயித்துவிட வேண்டும். பதினேழு வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே லட்சியம் இதுதான். வீடு வாங்கியாச்சு. ஓட்ட ஒரு காடி வாங்கியாச்சு. மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாச்சு. இது மட்டும் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கிணுங்கியது. 'எரிமலை வேந்தன் 2' உலகம் பூராவும் வசூல் சாதனை! பத்தே நாளில் முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதாம்! பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். இன்றைக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கணேஸ்வரன். செலண்டார் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. வாரத்தில் ஆறு நாள் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்தி எடை போடுகிறவன். ஏழாவது நாள் 'அதிரடி அதிரன் ரசிகர் மன்றம், மலாக்கா மாநிலக் கிளை'யின் தலைவன். ஞாயிறு என்றால் எனக்கு மலாக்கா டவுனில் பதினொரு மணி ஆட்டம், அப்புறம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ, அப்புறம் நாலு மணி வரைக்கும் விவாதம். 'எரிமலை வேந்தன்' நாயகன் எங்கள் அதிரனைப் பற்றி விவாதிக்க ஒரு ஞாயிறு பத்தாது. மாசத்துக்கு நாலு ஞாயிறுதான் இருக்கிறது, என்ன செய்வது?

என் மனைவி தேவமலர் பாலர் பள்ளி ஆசிரியை. நாலு வயசுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். நான் ஒருத்தன் எம்மாத்திரம்!

சமையல்கட்டுக்குப் போனேன். அவள் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி. நேரம் சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மலர், நியூஸ் பாத்தியா? நம்ம படம் ரெக்கார்டு!"

"நம்ம படமா? நீங்க எப்பங்க தயாரிச்சீங்க?"

"ரசிகனுக்கு அது சொந்தப் படம்தான்லா. எவ்ளோ வசூல் தெரியுமா?"

சொன்னேன். பூஜ்யங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கத்தியைக் கழுவினாள்.

"சந்தோஷம். அந்தத் தேங்காய எடுத்துக் குடுங்க."

"தேங்காய் இருக்கட்டும். இப்பவாச்சும் படம் நல்ல படம்னு ஒத்துக்கறியா, இல்லியா? அன்னிக்குக் கூட்டிட்டுப் போனா இடைவேளைக்கு முன்னாடியே தூங்கிட்ட. மன்றத் தலைவரோட சம்சாரம் குறட்டை விடுது! எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"காலைல பதினோரு பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்தா யாருக்குத்தாங்க தூக்கம் வராது? உங்க தங்கச்சி குடும்பம் அஞ்சு பேரு, எங்க அண்ணன் குடும்பம் மூணு பேரு, நாம மூணு பேரு. ஞாயித்துக்கிழமை ஆனா உங்களுக்கு ஆட்டம். எனக்கு அடுப்புல குவாலிச் சட்டி."

கொஞ்சம் உறுத்தியது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே உறுத்தியது. ஆனால் வாதத்தில் ஜெயிக்க வந்தவன் உறுத்தலைப் பார்த்தால் முடியுமா?

"பேச்ச மாத்தாத. இவ்ளோ வசூல் ஆகியிருக்குன்னா படத்துல தரம் இருக்கா இல்லியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாலர் பள்ளிப் பார்வை.

"உங்க ஆலைக்கு லோரி நெறைய குலை வருது. எடை போடுறீங்க. எடை நல்லா இருந்தா எல்லாம் பழுத்த குலைன்னு அர்த்தமா?"

"அது எப்படி? காயும் கலந்து வரும். அழுகல் வரும். அதுக்குத்தான் தரம் பாக்க தனியா ஆள் நிக்கிறாங்களே."

"அவ்ளோதாங்க. வசூலுங்கிறது எடைமேடை. தரம் பாக்கிற ஆள் வேற."

இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிற எடைமேடை! அதை வைத்தே என்னை அடித்துவிட்டாள். ஆனால் தலைவன் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டேன்.

"அது பழம். இது படம். மக்கள் என்ன மடையனுங்களா? வரிசையில நின்னு டிக்கெட் எடுக்கிறாங்கன்னா சும்மாவா?"

"முதல் நாள் எடுத்த டிக்கெட்டுல நாப்பது நீங்க எடுத்தது."

"அது மன்றத்துக் கடமை."

"ஆள் பத்தலன்னு ஆலையில வேலை செய்ற பங்களாதேஷ் தம்பிங்க பன்னெண்டு பேர வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனீங்க. பாவம், அவங்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது."

"தெரியாட்டி என்ன? படம் எப்படின்னு கேட்டேன். பாகுஸ், நல்லா இருக்குன்னாங்க!"

"எது பாகுஸ்னாங்க?"

தேங்காயை எடுத்துக் கொடுத்தேன்.

"தியேட்டர் ஏர்கோன்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு கோகுலராஜ். மோட்டோ கழுவுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அவன் வேறு ஒரு நடிகனின் ரசிகன். அந்த நடிகனின் போன படம் நாலு நாளில் சுருண்டுவிட்டது. அன்று முதல் இவன் தரத்தின் பக்கம்.

"அண்ணே, கூட்டம் வராத படம்தான்லா நல்ல படம்! ரசிக்கத் தெரிஞ்சவன் கொஞ்ச பேருதான் இருப்பான்."

"அப்படின்னா என் கலியாண வீடியோ உலக சினிமாடா. இதுவரைக்கும் ஒருத்தனும் பாத்ததில்ல."

"உங்க படத்துல என்னண்ணே புதுசு? முதல் பாகத்துல செத்த அப்பா ரெண்டாம் பாகத்துல மறுபடியும் சாகிறாரு!"

"அது பிளாஷ்பேக்டா!"

"ரெண்டு தடவையும் அதே பாட்டு, அதே மழை. மழைக்காச்சும் சம்பளம் ரெண்டு தடவை குடுத்தாங்களா?"

இப்படியே போனது. அவன் தரம் என்றான், நான் வசூல் என்றேன். அவன் கதை என்றான், நான் கூட்டம் என்றேன். கோழி வெந்து இறங்குகிற வரைக்கும் கத்தினோம். கடைசியில் தேவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. என்னங்க, ஒரு பேச்சு. வித்தாலே தரம்னு நீங்க சொல்றீங்க. சரி. ரெண்டு வாரத்துல பிள்ளை ஸ்கூல்ல கண்டீன் டே. அஞ்சாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடை இருக்கு. அதுல நீங்க சமைச்சு வையுங்க. பூராவும் வித்துச்சுன்னா வசூல்தான் தரம்னு நான் ஊருக்கு முன்னாடி ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமைல நீங்க எங்க போனாலும் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"விக்கலன்னா?"

"ஞாயித்துக்கிழமை படம் கிடையாது, மாமாக் கடை கிடையாது. வீட்டோட இருந்து எனக்கு ஒத்தாசை பண்ணனும்."

என் ஞாயிற்றுக்கிழமைக்கே குறி! ரத்தம் கொதித்தது. சரி என்றேன். அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குச் சுடுதண்ணி தவிர வேறு எதுவும் சமைக்கத் தெரியாது.

கண்டீன் டே என்றால் எங்கள் பள்ளியில் பெரிய விசேஷம். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் கூப்பன் புத்தகம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை அதைத் தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கும். நம் தமிழ்ப் பள்ளிக்குத்தானே என்று எல்லாரும் வாங்குவார்கள். அன்றைக்கு அந்தக் கூப்பனைக் கொடுத்துக் கடைகளில் சாப்பிட வேண்டும். பகல் பன்னிரண்டரையோடு முடிந்தது. அதற்கப்புறம் கூப்பன் வெறும் காகிதம். காசு திரும்பாது. இது எல்லாம் எனக்கும் தெரியும். வருஷா வருஷம் நானும் போய்ச் சாப்பிடுகிறவன்தான். தெரிந்தும் யோசிக்கவில்லை பாருங்கள், அதுதான் என் தலையெழுத்து.

தேவமலர் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். கடைப் பட்டியல் அவள் கையில். நான் எட்டிப் பார்த்தேன். கோகுலராஜ் மனைவி நளினியின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, அறுபது பொட்டலம். கறியைக் குச்சியில் குத்திச் சுடும் சாத்தே கடை, அறுபது தட்டு. வடை, அறுபது. என் பெயருக்கு நேராக மீ கோரெங் என்ற பிரட்டிய நூடுல்ஸ், நூற்றைம்பது.

"எனக்கு மட்டும் ஏன்லா நூத்தம்பது?"

"நீங்கதான் வசூல் மன்னனாச்சே. அறுபதெல்லாம் உங்களுக்கு எந்த மூலைக்கு?"

புரிந்துவிட்டது. நூற்றைம்பது விற்காது, நான் தோற்பேன் என்று கணக்குப் போடுகிறாள். இவளுடைய தந்திரம் எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். சவாலை ஏற்றுக்கொண்டேன்.

மாமாக் கடையில் மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. படத்துக்கு என்னவெல்லாம் செய்கிறார்களோ, மீ கோரெங்குக்கும் அதையெல்லாம் செய்வது என்று தீர்மானம் போட்டோம். முதலில் பேனர். 'எரிமலை மீ - பாகம் 2'. ஒரு பக்கம் அதிரன் கையில் வாள். மறுபக்கம் நான், கையில் கரண்டி.

"தலைவரே, பாகம் ஒன்னு எங்க?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

பாகம் ஒன்று வீட்டில் ஒத்திகை பார்த்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன்.

ஆனால் உங்களிடம் சொல்லலாம். மஞ்சள் மீயை சுடுதண்ணியில் அலசி எடுத்தால் போதுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? மூடி போட்டு இருபது நிமிஷம் வேகவைத்தேன். குவாலியில் கொட்டிக் கிளறினேன். சோயா கிச்சாப் பாட்டிலைக் கவிழ்த்தேன், மூடி கழன்று முழுப் பாட்டிலும் இறங்கியது. உப்பு ஏறிவிட்டதே என்று சீனி போட்டேன். தித்திக்கிறதே என்று எலுமிச்சை பிழிந்தேன். புளிக்கிறதே என்று மிளகாய் அரைத்துப் போட்டேன். எரிமலை என்ற பெயருக்கு நியாயம் செய்தாகிவிட்டது.

என் மகள் யஸ்வினி தட்டைப் பார்த்தாள். கரண்டியால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இது குடிக்கிறதா, கடிக்கிறதா?"

தேவமலர் மட்டும் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். ரெண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அருமைங்க. எதையும் மாத்தாதீங்க. அன்னிக்கும் அச்சா இதே மாதிரி செய்யுங்க."

பதினேழு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அது ரெண்டாவது தடவை. முதல் தடவை நான் மீசையை எடுத்தபோது.

அந்த நாளும் வந்தது. காலை ஆறு மணிக்கே மன்றத்து ஆட்கள் ஆறு பேரோடு பள்ளியில் இறங்கிவிட்டேன். பெரிய குவாலி. முப்பது கிலோ மீ. எதையும் மாற்றவில்லை. அதே இருபது நிமிஷம், அதே எலுமிச்சை, கிச்சாப் மட்டும் பாட்டில் பாட்டிலாக. நூற்றைம்பது பொட்டலம் கட்டி அடுக்கி வைத்தோம். ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். எடைமேடைக்காரன் சொல்கிறேன், எடையில் ஒரு குறையும் இல்லை.

ஒன்பது மணிக்குத் திறப்பு விழா. சங்கத் தலைவர் வீராசாமி ரிப்பன் வெட்டினார். என் ஆறு பேரும் முதல் ஆறு பொட்டலத்தை வாங்கினார்கள். முதல் நாள் முதல் காட்சி மாதிரி விசில் பறந்தது. அப்புறம் பிரித்துச் சாப்பிட்டார்கள். விசில் நின்றுவிட்டது.

"எப்படிலா?"

"தலைவரே... நடிப்பு நல்லா இருக்கு" என்றார் ஒருத்தர். அவர் எதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

பத்து மணி ஆச்சு. என் கடையில் ஈ கூட இல்லை. எதிரில் நளினியின் நாசி லெமாக் கடையில் வரிசை கேட் வரைக்கும் நின்றது. சாத்தே கடையில் புகை, சிரிப்பு, கும்பல். நூற்று நாற்பத்து நாலு பொட்டலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். அழுகை வந்தது. வெங்காயம் இல்லாமலேயே வந்தது.

கோகுலராஜ் வேறு வந்து நின்றான்.

"அண்ணே, உங்க கடையப் பாத்தா எங்க ஆளு படம் மாதிரியே இருக்கு. தரம் ஜாஸ்தியோ?"

"போடா அங்கிட்டு!"

பதினொன்றே கால். நளினி கடையில் பலகை வைத்தார்கள்: முடிந்தது. சாத்தே கடை: முடிந்தது. வடை, செண்டோல், கறிபாப், ஒவ்வொன்றாக முடிந்தது, முடிந்தது, முடிந்தது. அறுபது அறுபதாகப் போட்டால் எத்தனை நேரம் தாங்கும்? அப்புறம் நடந்ததை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்ப்பேன்.

கூட்டம் திரும்பியது. மொத்தக் கூட்டமும் என் கடைப் பக்கம் திரும்பியது!

"அண்ணே, நாலு குடுங்க!"

"எனக்கு ஆறு பொட்டலம்!"

"சார், சீக்கிரம் சார், மணியாவுது!"

கூப்பன்கள் மழையாகக் கொட்டின. உறைப்பா, உறைப்பு இல்லையா என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை! வரிசை பந்து விளையாடும் திடல் வரைக்கும் போனது. மன்றத்து ஆட்களுக்கு விசில் திரும்ப வந்துவிட்டது. பன்னிரண்டு இருபதுக்குக் கடைசிப் பொட்டலம். அதற்கு ரெண்டு பேர் இழுபறி. நூற்றைம்பதும் காலி. ஹவுஸ்ஃபுல்!

தொலைந்துபோன தண்ணிப் போத்தலைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்த வீராசாமி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு மணி நேரத்துல நூத்து நாப்பத்து நாலு பொட்டலம்! மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு! வசூல்தான் தரம்! இதை இந்த மேடையில நான் அடிச்சுச் சொல்றேன்!"

கைதட்டல். தேவமலர் மேடை ஏறி வந்தாள். தலை குனிந்திருந்தது. மைக்கை வாங்கினாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் தோத்துட்டேன். வித்தாலே தரம்னு அவர் சொன்னாரு. நான்தான் நம்பல. பதினேழு வருஷமா நான் சமைக்கிறேன். ஒரு நாளாச்சும் என் சமையலுக்கு இப்படி வரிசை நின்னிருக்கா? இவ்ளோ கைப்பக்குவம் உள்ள மனுஷன இத்தன வருஷம் சமையல்கட்டுப் பக்கமே விடாம நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

'அச்சச்சோ' என்று கூட்டத்தில் யாரோ பெண்கள் உருகினார்கள். வீராசாமி என் தோளில் தட்டினார்.

"என்ன கணேசு, இப்படி ஒரு தெறமைய ஒளிச்சு வச்சிருக்கியேப்பா! ஒரு ஞாயித்துக்கிழம வீட்ல சமைச்சுக் காட்டேன்!"

புகழ் ஒருத்தனை என்ன செய்யும் தெரியுமா? வாயைத் திறக்க வைக்கும். மைக்கை வாங்கினேன்.

"ஒரு ஞாயிறு என்னங்க? எல்லா ஞாயிறும்!"

அன்றைக்கு அதற்குக் கிடைத்த கைதட்டல் அதிரனுக்குக்கூடக் கிடைத்திருக்காது. யஸ்வினி மட்டும் தட்டவில்லை. முகம் வெளிறி நின்றாள், பிள்ளை.

கூட்டம் கலைந்தது. கை கழுவலாம் என்று கண்டீன் பின்பக்கம் போனேன். அங்கே மூன்று குப்பைத் தொட்டிகள். மூன்றும் ஹவுஸ்ஃபுல். எல்லாம் என் பொட்டலங்கள். சிலது பிரிக்காமலேயே கிடந்தன. ஓய்வுபெற்ற டிராக்டர் டிரைவர் ஜெயமணி அண்ணன் இன்னும் ரெண்டு பொட்டலத்தை உள்ளே அமுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்னண்ணே இது?"

"கோவிச்சுக்காத தம்பி. கைல கூப்பன் மிச்சம் இருந்துச்சு. மத்த கடையெல்லாம் முடிஞ்சு போச்சு. உன்கிட்டதான் இருந்துச்சு. பன்னெண்டரை ஆனா காகிதமாயிடும். ஸ்கூலுக்குத்தானேன்னு வாங்கிட்டேன்."

"நல்லாவே இல்லியாண்ணே?"

அவர் நல்ல மனுஷன். மறைத்த பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டின விதம் நல்லா இருந்துச்சு, தம்பி."

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மற்றவர்களுக்கு அறுபது. எனக்கு நூற்றைம்பது. பட்டியல் போட்டவள் என் மனைவி. நான் தோற்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. நான் ஜெயிப்பதற்கு இத்தனை பாடுபட்டிருக்கிறாள்!

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"மலர், அந்தக் கூட்டம்... அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்."

"என்ன யோசிக்கணும்?"

"அவங்க ருசிக்காக வரல போல. கூப்பன் மிச்சம். வேற கடை இல்ல. வேற வழியில்லாம வாங்கியிருக்காங்க."

"அதனால என்னங்க? பெருநாள் லீவுல இருக்கிற அத்தனை திரையிலயும் ஒரே படத்த போட்டா ஜனங்களுக்கு மட்டும் வேற என்ன வழி இருக்கு? கூப்பனா இருந்தா என்ன, டிக்கெட்டா இருந்தா என்ன? வரிசை வரிசைதானே?"

"அதில்ல. சாப்பிட்டவங்களுக்குப் பிடிச்சிருக்கணும்ல? வித்ததை மட்டும் வச்சு..."

"வச்சு?"

"நல்ல சாப்பாடுன்னு சொல்லிட முடியாது."

"ஓ!" என்று முகம் மலர்ந்தாள். மேசையிலிருந்த என் கைப்பேசியை எடுத்தாள். மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். இருநூற்றுப் பதினாலு உறுப்பினர்கள். குரல் பதிவு செய்கிற பொத்தானில் விரலை வைத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"அப்போ வசூல் வேற, தரம் வேறன்னு உங்க வாயால சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையும் நானே சமைக்கிறேன். நீங்க தோத்தவரு, கூட இருந்து ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. சொல்லுங்க."

கைப்பேசியைப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலு பேர். அத்தனை பேருக்கும் தினம் ரெண்டு வேளை வசூல் கணக்கு அனுப்பிக்கொண்டிருப்பவன் நான். ஒரு பக்கம் போனால் மன்றத்தில் மானம் போகும், ஞாயிறும் போகும். இன்னொரு பக்கம் போனால் ஞாயிறு மட்டும் போகும். மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"வசூல்தான் தரம்" என்றேன்.

"கேக்கல."

"வசூல்தான் தரம்!"

"சரிங்க. அரிசி எங்க இருக்குன்னு காட்டுறேன், வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை. இடுப்பில் தேவமலரின் ஏப்ரன். கையில் கத்தி. எதிரில் ஒரு கோழி. அது செத்துக் கிடந்தது, நான் செத்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேருக்குச் சமையல். அரிசி எத்தனை டின் என்று யஸ்வினியிடம் கேட்டால், "எனக்கு இன்னிக்கு ரொட்டி போதும்பா" என்கிறாள். மலருக்கு இதெல்லாம் வாராவாரம் எப்படித்தான் முடிந்ததோ! உண்மையிலேயே மலைப்பாக இருந்தது. இதை அவளிடம் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பின்வாசலில் கோகுலராஜ் வந்து நின்றான். கையில் காலித் தட்டு.

"என்னடா?"

"நளினி இன்னிக்கு வீட்ல இல்லண்ணே. சாப்பாடு உங்க வீட்லதான்னு சொல்லிட்டா. கொஞ்சம் சாதம் மட்டும் குடுங்கண்ணே, போதும். மேல எதையும் ஊத்தாதீங்க."

பன்னிரண்டு பேர்! வாசலில் காடி ஹார்ன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். நளினி ஓட்டுகிறாள். என் மனைவி அறையிலிருந்து வெளியே வந்தாள். புதுச் சேலை, தலையில் பூ, தோளில் கைப்பை. கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மலாக்காவுக்குங்க. பதினோரு மணி ஆட்டம். நளினி டிக்கெட் எடுத்துட்டா."

"என்ன படம்?"

"எரிமலை வேந்தன் டூ."

கையிலிருந்த கத்தி கோழிமேல் விழுந்தது.

"அது மட்டமான படம்னியே!"

"மட்டம்னு எப்பங்க சொன்னேன்? வசூல வச்சு சொல்லாதீங்கன்னு சொன்னேன். படம் ரொம்ப நல்ல படம். பாலர் பள்ளி விட்டதும் நானும் நளினியும் போய் மூணு தடவை பாத்துட்டோம். அந்த அப்பா சாகிற இடத்துல அழுகையே வந்துடுச்சு."

"மூணு தடவையா! அப்புறம் எதுக்குடி என்கிட்ட அவ்ளோ வாதம் பண்ண?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களும் நானும் ஒரே கட்சின்னு ஆயிட்டா, ஞாயித்துக்கிழமை வீட்ல யாருங்க சமைக்கிறது?"